‘தண்ணி எப்ப திறப்பினம்?’: வன்னித் தமிழுக்கு ஒரு சாட்பொட் எழுதுதல்

ஒருவர் எழுதி அனுப்பும் கேள்வியைப் படித்து, அதற்கெனத் தயாரித்து வைக்கப்பட்ட விடையைத் தானாகவே திருப்பி அனுப்பும் கணினிச் செய்நிரலைச் சாட்பொட் என்றும் பேச்சில் சுருக்கமாகப் பொட் என்றும் வழங்குவர். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா முதலிய மாவட்டங்கள் அடங்கிய வன்னிப் பெருநிலப்பரப்பில் இத்தகைய பொட் ஒன்றுக்கான தேவை பெரும்பாலும் எளியது: உரமும் விதைநெல்லும் விற்கும் கடைக்கோ, ஒரு கமக்கார அமைப்பின் செயலாளருக்கோ, தனியார் கல்வி நிலையத்துக்கோ நாள்தோறும் வந்துகொண்டிருக்கும் ஒரே வகையான பத்துப் பதினைந்து கேள்விகளுக்கு, கேட்பவர் காத்திருக்காமல் விடை கிடைக்க வேண்டும், அவ்வளவே. இந்த அளவுக்கான பொட்டை ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதத் தேவைப்படும் நிரல்வரிகள் மிகச் சில. ஒரு பிற்பகலில் எழுதி முடித்துவிடலாம். அதன் பின்னர் வரும் வேலையே, அதாவது வன்னியில் ஒரு கமக்காரர் தமது கேள்வியை எந்தெந்த வடிவங்களில் எழுதுவார் என்று கேட்டறிந்து அவற்றைக் கணினிக்குச் சொல்லிக்கொடுக்கும் வேலையே, இத்தொழிலின் முழு உழைப்பையும் விழுங்குகிறது என்பது இக்கட்டுரையாளரின் பட்டறிவு.

இவ்வகைப் பொட்டின் மூலவடிவம் பழையது. அமெரிக்காவின் மாசச்சூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பணியாற்றிய ஜோசப் வைசன்பாம் 1966இல் வெளியிட்ட எலைசா என்னும் செய்நிரல், எழுதப்பட்ட வசனத்தில் ஒரு திறவுச்சொல்லைத் தேடி, அச்சொல்லுக்கென வகுத்த விதிப்படி வசனத்தைப் பிரித்து, மறுபடி கோத்து, ஓர் உளவள ஆலோசகர் கேட்பதுபோல் கேள்வியாகத் திருப்பிக் கொடுத்தது. திறவுச்சொல் எதுவும் அகப்படாதபோது மேலே சொல்லும்படி பொதுவாகக் கேட்டுச் சமாளித்தது. கணினி எதையும் விளங்கிக்கொள்ளவில்லை என்பதை வைசன்பாமே வலியுறுத்தினார். இன்று விதிவழிப் பொட்டுகள் என அழைக்கப்படுபவை அனைத்தும் இந்தத் தேடல், பொருத்தம், சமாளிப்பு என்ற மூன்று செயல்களின் விரிவே. எலைசா ஆலோசகர் வேடம் பூண்டதால் எந்தக் கேள்வியையும் கேட்டவரிடமே திருப்பிவிட முடிந்தது. யூரியா வந்ததா என்று கேட்பவரிடம் அந்த உத்தி செல்லாது.

ஜாவாஸ்கிரிப்ட் மொழியை நெட்ஸ்கேப் நிறுவனத்துக்காக பிரெண்டன் ஐக் 1995இல் உருவாக்கினார். அது உலாவிக்குள் மட்டுமே இயங்கிய நிலையை மாற்றி, சாதாரணக் கணினியிலும் சேவையகத்திலும் இயங்கச் செய்த நோட் என்னும் தளத்தை ரயன் டால் 2009இல் வெளியிட்டார். பிறர் எழுதிப் பரிசோதித்த நிரல்களை ஒரு தொகுப்பாக எடுத்துப் பயன்படுத்தும்போது அத்தொகுப்பை நிரலகம் என்பர். பேச்சில் லைப்ரரி என்பதே வழக்கு. பொட் எழுதுவதற்கு ஜாவாஸ்கிரிப்டில் நிரலகங்கள் பல இருப்பினும், வன்னியின் தேவைக்கு இக்கட்டுரையாளர் பெரிதும் பரிந்துரைப்பது நோவா பெதர்பிரிட்ஜ் உருவாக்கிய, கட்டணமின்றிக் கிடைக்கும் ரைவ்ஸ்கிரிப்ட் என்பதாகும். அதனினும் ஆற்றல் மிக்கவை இருக்கையில் இதனைத் தேர்வதற்கான காரணம் ஒன்றே: கேள்விகளும் விடைகளும் செய்நிரலுக்கு வெளியே, தனியான ஓர் எழுத்துக் கோப்பில், ஜாவாஸ்கிரிப்ட் தெரியாத ஒருவரும் திறந்து திருத்தக்கூடிய வடிவில் இருக்கின்றன. கூட்டல் குறியில் தொடங்கும் வரி கேட்பவரின் வசனம். கழித்தல் குறியில் தொடங்கும் வரி பொட்டின் விடை.

+ தண்ணி எப்ப திறப்பினம்
- பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானித்த திகதியைச் சொல்லலாம். எந்தக் குளத்தின் கீழ் உங்கள் வயல் இருக்கிறது?

+ விதைநெல்லு இருக்கோ
- இருக்கிறது. எத்தனை ஏக்கருக்கு வேண்டும்?

+ *
- மன்னிக்கவும், கேள்வி விளங்கவில்லை. வேறு விதமாக எழுதிப் பாருங்கள்.

மூன்றாவது இணையில் உள்ள உடுக்குறி, எந்த வசனத்துக்கும் பொருந்தும் என்று பொருள்படும். வேறெந்த விதியும் பொருந்தாதபோது மட்டும் அது செயற்படும். ஒரு கூட்டல் வரிக்குக் கீழ் பல கழித்தல் வரிகள் இருந்தால் நிரலகம் அவற்றுள் ஒன்றைக் குலுக்கல் முறையில் எடுத்து அனுப்பும். இந்தக் கோப்பை வாசித்து நினைவில் ஏற்றுதல், விதிகளை முன்னுரிமைப்படி வரிசைப்படுத்தல், வரும் வசனத்தையும் அதனை அனுப்பியவரின் அடையாளத்தையும் ஒப்படைத்து விடையைப் பெறுதல் என்ற மூன்று கட்டளைகளே ஜாவாஸ்கிரிப்ட் பக்கத்தில் எழுத வேண்டியவை. விடை உடனே கையில் கிடைக்காமல் ‘பின்னர் தரப்படும்’ என்ற உறுதியாக முதலில் கிடைப்பதும், அது நிறைவேறிய பின்பே அடுத்த செயல் நடக்க வேண்டும் என்பதும் மட்டும் புதியவர்களைச் சற்றுத் தடுமாற வைக்கும். இலங்கையின் உயர்தர வகுப்புத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பப் பாடத்தில் மாணவர் பயில்வது பைதன் மொழியாதலால், வரிகள் மேலிருந்து கீழாக ஒன்று முடிந்து ஒன்று நடக்கும் என்ற எதிர்பார்ப்புடனேயே வருகின்றனர்; அந்தப் பழக்கம் ஓரிரு வாரங்களில் மாறிவிடும்.

தமிழுடன் தொடர்புடைய முதல் தடை முதல் நாளிலேயே தோன்றும். நிரலகத்தில் யுனிக்கோட் முறைமையை இயக்கும் தெரிவு இயல்பாக அணைந்தே இருக்கிறது. அதனை இயக்காவிடில், வரும் வசனத்தைத் துப்புரவு செய்யும் பகுதி ஆங்கில எழுத்தும் இலக்கமும் இடைவெளியும் தவிர்ந்த அனைத்தையும் அழித்துவிடுவதால், தமிழ் வசனம் முழுவதும் வெறுமையாகி, எதைக் கேட்டாலும் விளங்கவில்லை என்ற ஒரே விடை வந்துகொண்டிருக்கும். விதிக் கோப்பில் பிழை தேடிக்கொண்டு நெடுநேரம் இருப்பவர்கள் உண்டு, பிழை அங்கில்லை. யுனிக்கோட் என்பது உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துறுப்புக்கும் தனித்தனி எண் வழங்கும் பொது நியமமாகும். அதில் தமிழுக்கென 128 இடங்கள் ஒதுக்கப்பட்டு, மெய்யுருக்களும் உயிர்களும் அவற்றோடு ஒட்டும் கால், கொம்பு, விசிறி போன்ற குறிகளும் புள்ளியும் வெவ்வேறு எண்களைப் பெற்றுள்ளன. ஆகவே கண்ணுக்கு ஐந்து எழுத்தாகத் தெரியும் ‘கிளிநொச்சி’ ஜாவாஸ்கிரிப்டின் கணக்கில் பத்து உறுப்புகளைக் கொண்டது. அதிலுள்ள ‘நொ’ இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம்: ஒகரக் குறியை ஒரே எண்ணாக வைத்தும், ஒற்றைக் கொம்பையும் காலையும் இரண்டு எண்களாகப் பிரித்தும். இரண்டும் திரையில் ஒன்றே. கணினிக்கு அவை வேறு சொற்கள். 2015இல் வெளியான ஜாவாஸ்கிரிப்ட் நியமத்தில் சேர்க்கப்பட்ட இயல்பாக்கக் கட்டளையை வரும் வசனத்தின்மீதும் விதிக் கோப்பின்மீதும் ஒரே விதமாகச் செலுத்தினால் இந்த வேறுபாடு மறையும்.

எனினும் இயல்பாக்கம் எல்லாவற்றையும் சரிசெய்வதில்லை. வன்னியில் மேட்டுநிலப் பயிராகச் செய்கை பண்ணப்படும் கௌபியை எடுத்துக்கொள்ளலாம். ஔகாரக் குறியின் வலப்பக்க உறுப்பும் ளகர மெய்யுருவும் தோற்றத்தில் ஒன்றாக இருப்பதால், கையடக்கத் தொலைபேசியில் எழுதுவோரில் பலர் ஒற்றைக் கொம்பிட்ட ககரத்தை அடுத்து ளகரத்தை இட்டு ‘கெளபி’ என்று எழுதுகின்றனர்; பார்ப்பவருக்கு வேறுபாடு தெரியாது, இயல்பாக்கக் கட்டளைக்கும் அது பிழையாகத் தெரியாது, ஏனெனில் ளகரம் முறையான தமிழ் எழுத்தே. கடைப் பெயர்களில் அடிக்கடி வரும் ‘ஸ்ரீ’யும் அவ்வாறே, 2005இல் யுனிக்கோட்டில் ஶகரம் சேர்க்கப்பட்ட பிறகு அதனை இருவேறு மெய்களால் தொடங்கி எழுதலாம், பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே வடிவில் தோன்றும். இவற்றுக்கெல்லாம் பொட் எழுதுபவரே ஒரு திருத்தப் பட்டியலை வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அடுத்தது சொல்லெல்லை பற்றிய சிக்கல். இது நுட்பமானது, ஆதலால் ஆபத்தானது. வசனமொன்றில் குறித்த வடிவம் இருக்கிறதா என்று தேடுவதற்கு ஜாவாஸ்கிரிப்டில் ரெஜெக்ஸ் எனப்படும் வடிவக் குறியீடு பயன்படுகிறது. அதில் ‘இங்கே சொல் முடிகிறது’ என்பதைக் குறிக்கும் அடையாளமும் ‘இது சொல்லெழுத்து அன்று’ என்பதைக் குறிக்கும் அடையாளமும் ஆங்கில எழுத்துகளையும் இலக்கங்களையும் அடிக்கோட்டையும் மட்டுமே சொல்லெழுத்தாக அறிந்தவை. அவற்றின் பார்வையில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் காற்புள்ளிக்குச் சமம். பேச்சுவழக்கின் ‘எப்ப’ என்பதை ‘எப்போது’ என மாற்றும்படி இவ்வடையாளங்களை நம்பி ஒரு விதி எழுதினால், ‘எப்படி’ என்ற சொல்லின் முதற்பாதியும் தனிச்சொல்லாகக் கருதப்பட்டு ‘எப்போதுடி’ என்றாகிவிடும். கேட்டவரின் வசனத்தை மீளக் காட்டும் பொட்டாக இருந்து, கேட்டவர் வயதில் மூத்த பெண்மணியாகவும் இருந்துவிட்டால் நிலைமையை ஊகிக்கலாம். 2018ஆம் ஆண்டின் நியமத்தில் வந்த, எழுத்துகளை யுனிக்கோட் வகைப்படி தேடும் வசதி இதற்கு உதவும் என்றாலும், தமிழின் உயிர்க்குறிகளும் புள்ளியும் எழுத்து என்ற வகையில் அல்லாமல் ஒட்டுக்குறி என்ற வேறு வகையில் இருப்பதை மறந்து எழுத்து வகையை மட்டும் கேட்பவருக்குக் ‘கிளிநொச்சி’ முதல் ககரத்தோடு முறிந்துவிடும். இக்கட்டுரையாளர் கைக்கொள்ளும் வழி எளியது: வசனத்தை இடைவெளிகளில் வெட்டிச் சொற்களாக்கி, ஒவ்வொரு சொல்லையும் முழுமையாகப் பட்டியலோடு ஒப்பிட்டு மாற்றி, மறுபடி இணைத்த பின்பே நிரலகத்திடம் ஒப்படைப்பது.

இவ்வாறு மாற்ற வேண்டிய சொற்கள் யாவை என்பதே தொழிலின் வளமான பகுதி. தமிழ்நாட்டில் எழுதப்பட்ட மாதிரிக் கோப்புகள் இணையத்தில் கிடைத்தாலும் வன்னிக்கு அவை மிகக் குறைவாகவே பயன்படும். ‘வந்துடுச்சா’ என்று அங்கே முடியும் கேள்வி இங்கே ‘வந்திட்டுதோ’ என முடிகிறது. ஓகாரத்தில் முடியும் வினைச்சொல், ஆம் அல்லது இல்லை என்ற விடையை எதிர்பார்க்கும் கேள்வி என்று ஒரு பொது விதியாகவே எழுதி வைக்கலாம், ‘எப்போ’ முதலிய சில சொற்களை விலக்கிவிட்டால் அவ்விதி நன்றாகவே உழைக்கும். படர்க்கைப் பன்மைக்கு ‘திறப்பினம்’, ‘வருவினம்’, ‘தருகினம்’ என்ற வடிவங்களும், ‘என்று’ என்பதற்கு ‘எண்டு’வும், மறுப்புக்கு ‘வரேல்லை’, ‘தரேல்லை’ என்பனவும் வருகின்றன. மறுப்பில் மேலும் ஒரு பொறி உண்டு. ‘தண்ணி இல்லை’ என்று பிரித்து எழுதினால் ‘இல்லை’ என்ற சொல்லைத் தேடிப் பிடிக்கலாம். ‘தண்ணியில்லை’ என்று சேர்த்து எழுதினாலோ ‘வரவில்லை’ என்றாலோ, தொடக்கத்து இகர உயிர் விசிறிக் குறியாக மாறி முந்திய மெய்யோடு ஒட்டிவிடுவதால், கணினியின் கணக்கில் அங்கே ‘இல்லை’ என்ற சொல்லே கிடையாது. புணர்ச்சி இலக்கணத்தைப் பள்ளியில் சலிப்போடு படித்தவர்களுக்கு அதன் பயன் இங்கே தெரியவரும்.

சேர்த்தும் பிரித்தும் எழுதும் இவ்வழக்கம் நிரலகத்தின் முன்னுரிமை வரிசையையும் குழப்புகிறது. ரைவ்ஸ்கிரிப்ட், கூடுதலான சொற்களைக் கொண்ட விதியே கூடுதல் துல்லியமானது எனக் கொண்டு அதனை முதலில் பரிசோதிக்கிறது. ஆங்கிலத்துக்கு இது பொருத்தமான எடுகோள். தமிழில் ‘திறக்கப்போகினமோ’ என்பது ஒரு சொல், ‘திறக்கப் போகினமோ’ என்பது இரண்டு. பொருள் ஒன்றாயிருந்தும் முன்னதற்குக் கீழிடமும் பின்னதற்கு மேலிடமும் கிடைக்கும். விதியொன்றுக்கு எடை குறிக்கும் வசதி நிரலகத்தில் இருப்பதால், முக்கியமான விதிகளுக்கு எடையைக் கையாலேயே இட்டுவிடுவது நல்லது.

இடப்பெயர்களுக்குத் தனிப் பட்டியல் தேவை. இரணைமடு, வவுனிக்குளம், முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு, பாவற்குளம், அக்கராயன் என நீளும் குளங்களின் பெயர்கள் கேள்வியில் தனித்து வருவது அரிது. இரணைமடுவில, இரணைமடுவுக்கு, இரணைமடுத் தண்ணி என்று உருபேற்றோ ஒற்று மிகுந்தோ வரும், எழுத்துக்கூட்டலும் ‘இரணமடு’ என்று தளரும். வேற்றுமை உருபை வெட்டி அடிச்சொல்லை எடுக்கும் தயார் நிரல்கள் தமிழுக்கும் உள்ளன. ஸ்னோபோல் என்னும் புகழ்பெற்ற அடிச்சொல் தொகுப்பில் தமிழும் இடம்பெற்றுள்ளது. ஆயினும் அவை எழுத்துவழக்கை அடிப்படையாகக் கொண்டவை என்பதால், ஒரு மாவட்டத்தின் சில பத்துக் குளங்களுக்கு, சொல்லின் தொடக்கம் பொருந்தினால் போதும் என்ற விதியைக் கையால் எழுதுவதே வேகமானது, நம்பத்தக்கதும்கூட. அதிலும் ஒரு கவனம் வேண்டும்: ‘கனகராயன்’ என்று தொடங்குவது இரணைமடுவுக்கு நீர் தரும் கனகராயன் ஆறாகவும் இருக்கலாம், ஏ-9 வீதியிலுள்ள கனகராயன்குளமாகவும் இருக்கலாம்.

கேட்பவர்கள் பொட்டை இயந்திரமாக நடத்துவதில்லை என்பது பலரும் எதிர்பாராத மற்றொரு சங்கதி. மறுமுனையில் கடைக்காரப் பிள்ளையோ அலுவலர் ஒருவரோ இருக்கிறார் என்ற நினைப்பில் ‘தம்பி, யூரியா வந்திட்டுதோ?’, ‘ஐயா, விதைநெல்லு இருக்கோ?’, ‘பிள்ளை, எத்தினை மணிக்குப் பூட்டுவியள்?’ என்றே எழுதுகின்றனர். விதி வசனத்தின் முதலிலிருந்தே பொருந்த வேண்டியிருப்பதால் இந்த விளிச்சொல் ஒன்றே பொருத்தத்தைக் கெடுத்துவிடும். தம்பி, தங்கச்சி, அண்ணை, அக்கா, ஐயா, அம்மா, சேர், பிள்ளை எனப் பட்டியலிட்டு எங்கே கண்டாலும் நீக்கிவிடலாம் என்று தோன்றும். ஆனால் ‘தம்பியின்ர பேரில பதிஞ்ச காணி’ என்ற தொடரில் தம்பி விளிச்சொல் அன்று. உருபேற்காத வடிவில், வசனத்தின் முதலிலோ கடைசியிலோ நின்றால் மட்டும் நீக்குவது என்ற வரையறை பெரும்பாலும் போதுமானது. விடையின் நடையும் இதற்கேற்ப அமைய வேண்டும்: கேட்பவர் பேச்சுவழக்கில் எழுதினாலும் பொட் மரியாதைப் பன்மையில், எளிய எழுத்துத் தமிழில் விடை தருவதே பொருந்தும். யாழ்ப்பாண, வன்னிப் பேச்சை அப்படியே பொட்டின் வாயில் வைத்துப் பார்த்த முயற்சிகள், நகைச்சுவை நாடகம் கேட்பது போன்ற எண்ணத்தையே தந்தன; உர அளவு சொல்லும் குரலுக்கு அது உகந்ததன்று.

எண்களைக் கையாளும் இடத்தில் தவறு பணச்செலவாக மாறும். விதைநெல் கேட்பவரிடம் எத்தனை ஏக்கர் என்று பொட் கேட்டு, அவர் ‘3’ என்று மட்டும் எழுதினால், அந்த எண் முந்திய கேள்விக்கான விடை என்று விளங்கிக்கொள்ள நிரலகத்தில் வழி இருக்கிறது. பொட் கடைசியாகச் சொன்ன வசனத்தை விதியோடு சேர்த்துக் குறித்துவிட்டால், அந்த வசனத்துக்குப் பின்னர் மட்டும் அவ்விதி செயற்படும். கணக்கை ஜாவாஸ்கிரிப்டில் எழுதிய சிறு செயல்கூற்றொன்றிடம் ஒப்படைக்கலாம். வீசி விதைக்கும்போது ஏக்கருக்கு இரண்டு புசல் என்ற வழக்கமான அளவை வைத்தால், மூன்று ஏக்கருக்கு ஆறு புசல். நெல்லில் ஒரு புசல் ஏறத்தாழ 20.9 கிலோகிராம் ஆகையால் 125 கிலோகிராமுக்குச் சற்று மேல். இனி, கேட்பவர் ‘1.5’ என்று எழுதினால் என்ன ஆகும்? துப்புரவு செய்யும் பகுதி நிறுத்தக்குறிகளை நீக்கும்போது தசமப் புள்ளியையும் நீக்கிவிடும். ஒன்றரை ஏக்கர் 15 ஏக்கராகும், மூன்று புசல் முப்பதாகும். எந்தப் பிழைச்செய்தியும் தோன்றாது, விடை தெளிவான தமிழில், மிகுந்த நம்பிக்கையோடு போய்ச் சேரும். நிறுத்தக்குறிப் பட்டியலை மாற்றியமைக்க நிரலகம் இடம் தருகிறது. அதனைச் செய்வதோடு, எண்களைக் கூட்டல் விதிக்கு விடுமுன்பே தனியாகப் பிரித்தெடுப்பது பாதுகாப்பானது. ‘அரை’, ‘ஒண்டரை’, ‘ரெண்டு’, ‘மூண்டு’ முதலிய சொற்களையும் எண்ணாக்க வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களில் காணியைப் பரப்பில் சொல்லும் பழக்கம் இருப்பதால், 16 பரப்பு ஓர் ஏக்கர் என்ற மாற்றீடும் இடம்பெறுதல் நன்று.

விடைகளுக்கான மூலத்தைத் திரட்டும்போது வேறொரு காலத்து எழுத்து முறை குறுக்கிடும். யுனிக்கோட் பரவுமுன் இலங்கைத் தமிழர் கணினியில் பெரிதும் பயன்படுத்தியது பாமினி எழுத்துருவாகும். அதில் தட்டெழுதப்பட்ட அறிக்கை திரையில் தமிழாகத் தோன்றினாலும் உள்ளே சேமிக்கப்பட்டிருப்பது ஆங்கில எழுத்துகளும் குறிகளுமே. எழுத்துரு மாறினால் பொருளற்ற ஆங்கிலக் கோவையாகிவிடும். பழைய சுற்றறிக்கைகளிலும் கமக்கார அமைப்புகளின் கணினிகளிலும் இவ்வாறான கோப்புகள் இன்றும் நிறைய உள்ளன. மாற்றி நிரல்கள் எளிதிற் கிடைப்பினும், மாற்றிய பின்னர் கொம்பும் காலும் சரியான இடத்தில் விழுந்தனவா என்று ஒருவர் கண்ணால் வாசித்தே தீர வேண்டும். இதற்கு நேர்மாறாக, கேள்வி அனுப்பும் இளையோரில் கணிசமானோர் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதுகின்றனர். அதற்கென முழுமையான எழுத்துபெயர்ப்பு எழுத முயல்வது வீண். ஒரே சொல்லை ஆளுக்கொரு விதமாகக் கூட்டுவர். அடிக்கடி வரும் சில பத்துச் சொற்களுக்கு மட்டும் நேரடிப் பட்டியல் வைத்து, மீதியைத் தமிழில் எழுதும்படி பணிவாகக் கேட்பதே நடைமுறைக்கு ஒத்தது.

பொட் எங்கே வாழும் என்ற கேள்விக்கு விடை பெரும்பாலும் பணத்தைப் பொறுத்தது. மக்கள் எல்லோரும் இருப்பது வட்ஸ்அப்பில். அங்கே பொட் வைக்க வணிகக் கணக்கும் சரிபார்ப்பும் பிற நடைமுறைகளும் வேண்டும். 2015இல் பொட்டுகளுக்குக் கதவு திறந்த டெலிகிராமில் எவரும் சில நிமிடங்களில் கட்டணமின்றி ஒன்றைப் பதிவுசெய்யலாம், ஆனால் கமக்காரர் பலரின் தொலைபேசியில் அச்செயலி இராது. ரைவ்ஸ்கிரிப்ட் உலாவிக்குள்ளும் இயங்கும் என்பதால், நிரலகத்தையும் விதிக் கோப்பையும் ஒரு வலைப்பக்கத்தோடு சேர்த்துத் தொலைபேசியில் ஒருமுறை இறக்கிவிட்டால், பின்னர் சேவையகமோ இணைய இணைப்போ இல்லாமலும் விடை கிடைக்கச் செய்யலாம். 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு நிலவிய காலத்தை நினைவில் வைத்திருப்போருக்கு இந்த ஏற்பாட்டின் அருமையை விளக்கத் தேவையில்லை.

ஆனால் தொலைபேசியில் தங்கிவிட்ட விடை பழசாகும். விதிவழிப் பொட்டின் உண்மையான பலவீனம் இதுவே. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டு, அதே ஆண்டு நவம்பரில் அத்தடை தளர்த்தப்பட்ட இடைவெளியில், யூரியா எப்போது, எவ்வளவு இடுவது என்று எழுதி வைத்திருந்த எந்தக் கோப்பும் பயனற்றதாகியிருக்கும். பெரும் மாற்றம் எதுவும் இல்லாத ஆண்டிலும், மாரி மழையை நம்பிய காலபோகத்தின் கேள்விகள் வேறு, குளத்து நீரை நம்பிய சிறுபோகத்தின் கேள்விகள் வேறு. சிறுபோகத்தில் எவ்வளவு ஏக்கருக்கு நீர் வழங்கப்படும், எந்தத் திகதியில் வாய்க்கால் திறக்கப்படும் என்பவை குளத்தின் நீர்மட்டத்தைப் பார்த்துப் பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிக்கப்படுபவை, ஆண்டுக்காண்டு மாறுபவை. ஆகையால் திகதி, விலை, கையிருப்பு ஆகிய மூன்றையும் விடை வரிக்குள் எழுதாமல், தனிக் கோப்பொன்றில் இறுதியாகத் திருத்திய நாளோடு வைத்து, விடையோடு அந்த நாளையும் சேர்த்து அனுப்புவது முறை. அந்த நாளிலிருந்து குறித்த காலம் கடந்துவிட்டால், பொட் விடை சொல்வதை நிறுத்தி உரியவரிடம் கேட்கும்படி சொல்ல வேண்டும்.

அக்கோப்பைத் திருத்துபவர் செய்நிரலாளராக இருத்தல் கூடாது என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான கருத்து. நிரல் எழுதியவர் வேலை கிடைத்துக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ சென்றுவிடுவார்; கடையின் கணக்குப்பிள்ளையும் அமைப்பின் செயலாளரும் ஊரிலேயே இருப்பர். கூட்டல் குறியும் கழித்தல் குறியும் இட்டு எழுதுவதை அவர்கள் ஒரு பகற்பொழுதில் கற்றுக்கொள்கின்றனர். கிளிநொச்சியின் அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடமும் பொறியியல் பீடமும் ஒரே சூழலில் அமைந்திருப்பதும், இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகம் அதே பகுதியில் இருப்பதும், பம்பைமடுவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்கும் வவுனியாப் பல்கலைக்கழகமும் இத்தகைய கூட்டுவேலைக்கு வாய்ப்பானவை. நெல்லை அறிந்தவரும் நிரலை அறிந்தவரும் சந்திக்க நெடுந்தூரம் செல்ல வேண்டியதில்லை.

2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளிவந்த பிறகு, விதி எழுதும் இந்தப் பழைய முறை இன்னும் எதற்கு என்று மாணவர் கேட்பது இயல்பே. சட்ஜிபிடியை இயக்குவன போன்ற பெருமொழி மாதிரிகள் பேச்சுத் தமிழையும் ஓரளவு விளங்கிக்கொள்கின்றன, ‘திறப்பினம்’ போன்ற வடிவத்தைக் கண்டும் பெரும்பாலும் மிரள்வதில்லை. எனினும் அவற்றுக்கு இணைப்பு வேண்டும், பயன்பாட்டுக்கேற்பக் கட்டணம் வேண்டும். இரணைமடுவின் வாய்க்கால் எந்தத் திகதியில் திறக்கும் என்பது அவற்றுக்குத் தெரியாதபோது, தெரியாது என்று சொல்வதற்குப் பதிலாக நம்பத்தக்க தோரணையில் ஒரு திகதியைச் சொல்லிவிடவும் கூடும். கேள்வியை விளங்கிக்கொள்ளும் பகுதியை மாதிரியிடம் விட்டு, விடையை மட்டும் ஊரார் எழுதிய கோப்பிலிருந்தே எடுப்பது இரண்டுக்கும் இடைப்பட்ட வழி. அந்தக் கோப்பு அப்போதும் தேவைப்படும்.

எந்த வழியைக் கைக்கொண்டாலும், விடை கிடைக்காத கேள்விகளைத் திகதியோடு ஒரு பதிவேட்டில் சேர்த்துவைக்கும் இரண்டு வரிகளைப் பொட்டின் கடைசி விதியோடு இணைத்துவிட வேண்டும். கேட்டவரின் பெயரும் இலக்கமும் அதில் வேண்டியதில்லை. வாரத்துக்கு ஒருமுறை, நெல்லை அறிந்தவரும் நிரலை அறிந்தவரும் சேர்ந்திருந்து அதனை வாசித்து, எழுத்துக்கூட்டலால் தவறியவற்றைத் திருத்தப் பட்டியலிலும், புதிய கேள்விகளை விதிக் கோப்பிலும் சேர்த்து, நோயும் பூச்சியும் பற்றிய, பயிரைப் பாராமல் விடை சொல்லக்கூடாத கேள்விகளுக்கு விவசாயத் திணைக்களத்தின் 1920 என்ற ஆலோசனை இலக்கத்தையும் அண்மையிலுள்ள கமநல சேவை நிலையத்தின் பெயரையும் விடையாக எழுதிவிடுவர்.